தாமதத்துக்கு இரண்டு காரணங்கள்: ஒருங்கிணைப்பும் நிச்சயமின்மையும்

மென்பொருள் புராஜெக்ட் ஒன்று தள்ளிப்போனால் மீட்டிங்கில் முதலில் வரும் கேள்வி "யாரால லேட்?" என்பது. அடுத்த கேள்வி "இன்னும் எத்தனை பேர் வேணும்?" இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இந்த இரண்டு கேள்விகளும் மாறவே இல்லை. மீட்டிங் அறை போய் வீடியோ கால் வந்துவிட்டது, கேள்வி மட்டும் அதேதான். இதற்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களும்தான். அவர்களில் பலர் "நமக்குத்தான் திறமை போதலையோ" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கொஞ்ச நாளாக இந்தத் தாமதம் பற்றிய பழைய புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சுருக்கம் இதுதான்: தாமதத்துக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று ஒருங்கிணைப்பு. பல பேர் செய்த வேலை ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும், அந்தப் பொருத்தத்துக்கு ஒரு செலவு இருக்கிறது. இன்னொன்று நிச்சயமின்மை. என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எவ்வளவு நாள் ஆகும் என்பது ஆரம்பத்தில் யாருக்குமே முழுசாகத் தெரிவதில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் கூடிவிடும். நிஜத்தில் இரண்டும் கலந்தேதான் வரும் என்பதால், முதலில் பிரித்துப் பார்ப்போம்.

தெரிந்த விஷயம்தான், ஆனால் பொருந்தவில்லை

ஒருங்கிணைப்பு மட்டும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் நல்ல உதாரணம். 1998 டிசம்பர் 11 அன்று நாசா ஏவிய இந்த விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்க வேண்டிய நேரத்தில் காணாமல் போனது. கலத்தின் சின்னச் சின்ன உந்துதல்களைக் கணக்கிடும் தரைநிலைய மென்பொருள், லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துடையது. அது பவுண்டு-விசை-விநாடி என்ற பழைய அளவில் எண்களைக் கொடுத்தது. அதை வாங்கிக் கணக்குப் போட்ட ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் குழு, நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. ஒன்பது மாதப் பயணத்தில் இந்தப் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, செவ்வாய்க்கு மேல் சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலத்தைச் சுமார் 57 கிலோமீட்டருக்கு இறக்கிவிட்டது. அவ்வளவு தாழ்வில் அது தாங்காது.

இதில் நிச்சயமின்மை எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பவுண்டு-விசைக்கு எத்தனை நியூட்டன் என்பது பள்ளிக்கூடப் பாடம். எந்த அளவில் எண் கொடுக்க வேண்டும் என்று இரு தரப்புக்கும் இடையிலான இடைமுக ஆவணத்தில் எழுதியும் இருந்தது. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று வழிகாட்டும் குழுவில் இருந்தவர்கள் கவனித்தும் இருந்தார்கள். ஆனால் அந்தச் சந்தேகம் முறையாக மேலே போய் ஒரு முடிவாக மாறவில்லை. எல்லாருக்கும் தனித்தனியாகத் தெரிந்த விஷயம், இருவர் கை சேரும் இடத்தில் யாருக்கும் தெரியாமல் போனது.

இதற்கு மருந்து ஒழுங்குதான். இடைமுகத்தை எழுதி வை, இரு பக்கமும் சேர்ந்து சோதித்துப் பார், மாற்றினால் சொல்லிவிட்டு மாற்று. நம் ஊர் மேனேஜர்களுக்கு இந்த மருந்து நன்றாகவே தெரியும். செக்லிஸ்ட், கையெழுத்து, ஆவணம், ஆடிட்.

ஒழுங்காகத்தான் செய்தார்கள், ஆனால் தெரியவில்லை

இப்போது இன்னொரு பக்கம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினியில் கையாள 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற மென்பொருளை எழுதச் சொன்னது. ஒப்பந்தம் 2001 ஜூனில் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்துக்குப் போனது. சில மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. பழைய அமைப்புக்கு ஒரு புது முகப்பு போடலாம் என்று தொடங்கிய வேலை, முழுக்கப் புதிய அமைப்பாக மாறியது. தேவைகளை விவரிக்கும் ஆவணம் 800 பக்கத்தைத் தாண்டியது. அதன் பிறகும் மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. 2005ல் சுமார் 170 மில்லியன் டாலர் செலவோடு அதைக் கைவிட்டார்கள்.

அது விழுந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. நிர்வாகம் அடிக்கடி மாறியது, மேற்பார்வை போதவில்லை. ஆனால் நடுவில் இருக்கும் விஷயம் இது: என்ன வேண்டும் என்று கேட்பவருக்கே தெளிவாகத் தெரியாத ஒன்றை, 800 பக்கம் எழுதினால் தெளிவாகிவிடும் என்று நம்பினார்கள். பக்கம் கூடக் கூடத் தெளிவு கூடவில்லை. பக்கம் கூடியதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்த வேண்டிய இடங்கள்தான் கூடின.

அடுத்து வந்த 'சென்டினல்' புராஜெக்ட்டும் 2006ல் ஒரு பெரிய ஒப்பந்தமாகத்தான் தொடங்கியது, அதுவும் தள்ளிப்போனது. 2010ல் எஃப்.பி.ஐ. அதைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஆட்களை வெகுவாகக் குறைத்து, இரண்டு வாரச் சுற்றுகளாக வேலையைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஓடுகிற மென்பொருளைக் காட்டச் சொன்னது. 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆளைக் குறைத்த பிறகு வேலை முடிந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இங்கே வருவோம்.

நிச்சயமின்மைக்கு மருந்து தெரிந்துகொள்வதுதான். கொஞ்சம் கட்டு, காட்டு, கேள், திருத்து. இதற்குச் செக்லிஸ்ட் உதவாது. தெரியாத விஷயத்தைச் செக்லிஸ்ட்டில் எழுத முடியாது இல்லையா?

ஆளைக் கூட்டினால் என்ன ஆகும்?

இந்த இடத்தில் ஃபிரெட் புரூக்ஸ் வராமல் இருக்க மாட்டார். ஐபிஎம் 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தது. அதற்கான இயங்குதளம் ஓஎஸ்/360. புரூக்ஸ் அந்த வேலையை நடத்தியவர். உச்சத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். 1963 முதல் 1966 வரை சுமார் 5,000 ஆள்-ஆண்டுகள் அதில் போயிருக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனாலும் தாமதமாகத்தான் வந்தது. 1975ல் அவர் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மன்த்' புத்தகத்தின் மையக் கருத்து, ஏற்கெனவே தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது.

கேட்டால் ஏதோ முரண்டு மாதிரி இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 பேர், 4 மாதம், ஆக 20 ஆள்-மாத வேலை என்று எஸ்டிமேட். 3 மாதம் முடிந்தபோது பாதிதான் முடிந்திருக்கிறது. மீதி 10 ஆள்-மாதம், கையில் 1 மாதம். "அப்போ 10 பேர் வேணும், இன்னும் 5 பேரைப் போடு" என்கிறது ஷீட். முதல் பிரச்சினை, அந்த மீதி 10 என்பதே பழைய எஸ்டிமேட்டின்படிதான். 15 ஆள்-மாதம் உழைத்து 10 அளவு வேலைதான் முடிந்தது என்றால், மீதிக்கும் 15 ஆகும் என்பதுதான் நியாயமான கணிப்பு. இரண்டாவது, புதிதாக வந்த 5 பேருக்கு வேலை புரியவே ஒரு மாதம் ஆகும். மூன்றாவது, அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? அந்தப் பழைய 5 பேர்தான். அதனால் அந்தக் கடைசி மாதத்தில் பழைய 5 பேர் வேலையும்கூட முழுசாகக் கிடைக்காது.

இதோடு பேச்சுக் கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் பேசியாக வேண்டும் என்றால், 5 பேருக்கு 10 ஜோடிகள். 10 பேருக்கு 45. 50 பேருக்கு 1,225. ஆள் பத்து மடங்கானால் பேச்சு நூற்றிருபது மடங்குக்கு மேல் போகிறது. சென்டினலில் ஆளைக் குறைத்தது உதவியிருக்கும் என்று நான் நினைப்பது இதனால்தான். வேலை செய்யும் கை குறைந்தது, ஆனால் பேச வேண்டிய வாய் அதைவிட வேகமாகக் குறைந்தது.

எல்லா வேலைக்கும் இவ்வளவு பேச்சு தேவையா?

தேவையில்லை. ஜேம்ஸ் தாம்சன் என்ற சமூகவியலாளர் 1967ல் இதை மூன்றாகப் பிரித்தார். உதாரணங்கள் என்னுடையவை.

முதல் வகையில் எல்லாரும் ஒரே பொது நிதியில் சேர்ப்பார்கள், ஒருவர் வேலை இன்னொருவரைத் தொடாது. ஒரே டெப்போவின் பஸ் கண்டக்டர்கள் மாதிரி. இருபத்தேழாம் நம்பர் கண்டக்டர், ஐந்தாம் நம்பர் கண்டக்டரிடம் பேசவே வேண்டாம். பொதுவான விதிமுறை இருந்தால் போதும்.

இரண்டாவது வகையில் ஒருவர் முடித்ததை அடுத்தவர் எடுத்துக்கொள்வார். நெசவு மாதிரி. நூலுக்குச் சாயம் போட்டு, பாவு ஓடி, பிறகுதான் தறி. இங்கே விதிமுறை மட்டும் போதாது, எது எப்போது முடியும் என்ற திட்டம் வேண்டும்.

மூன்றாவது வகையில் ஒருவர் செய்வது மற்றவர் செய்வதை மாற்றும், அது திரும்ப முதல் ஆளையும் மாற்றும். கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் மாதிரி. நிரவல் எங்கே போகும் என்று முன்கூட்டியே அட்டவணை போட முடியாது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே, பார்த்துக்கொண்டே போக வேண்டும். இதைத் தாம்சன் பரஸ்பரச் சரிசெய்தல் என்கிறார். மூன்றிலும் இதுதான் அதிகச் செலவு பிடிக்கிற ஒருங்கிணைப்பு.

நாம் எழுதும் மென்பொருள் இதில் எந்த வகை? மூன்றும் உண்டு. ஆனால் மேனேஜ்மென்ட் கருவிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகைக்குச் செய்தவை. கான்ட் சார்ட்டைப் பாருங்கள், ஒரு பட்டை முடிந்து அடுத்த பட்டை. அதில் இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போவதை வரைய இடமில்லை. கச்சேரியை நெசவு அட்டவணையில் எழுதுகிறோம். பிறகு "பிளான்படி போகலியே" என்கிறோம்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஜே கால்பிரெய்த் 1970களில் எழுதியது, எளிமையான ஒரு வாதம். ஒரு வேலையில் நிச்சயமின்மை எவ்வளவு அதிகமோ, அதைச் செய்துகொண்டிருக்கும்போதே அவ்வளவு தகவலை ஆட்களுக்கிடையே பரிமாற வேண்டியிருக்கும். எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். தெரியாததை நடுவில்தான் பேசித் தீர்க்க முடியும். ராபர்ட் கிராட், லின் ஸ்ட்ரீட்டர் இருவரும் 1995ல் மென்பொருள் ஒருங்கிணைப்பு பற்றி எழுதிய கட்டுரையும் கிட்டத்தட்ட இதையே மென்பொருளுக்குச் சொல்கிறது. பெரிய அளவு, நிச்சயமின்மை, ஒன்றையொன்று சார்ந்திருத்தல், இந்த மூன்றும் சேர்வதால்தான் மென்பொருள் வேலையில் ஒருங்கிணைப்பு கஷ்டமாகிறது. அதனால்தான் டீக்கடைப் பேச்சு மாதிரியான முறைசாராப் பேச்சுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு.

ஆக, நிச்சயமின்மை பேச்சைக் கேட்கிறது. ஆள் எண்ணிக்கை பேச்சின் விலையைக் கூட்டுகிறது. புராஜெக்ட் பெரிசாகவும் தெளிவில்லாமலும் இருந்தால் இரண்டு பக்கமும் இழுக்கும். மேலே இருப்பவர்களுக்குப் பதற்றம் வந்து, கட்டுப்பாட்டைக் கூட்டுகிறார்கள்: தினசரி ஸ்டேட்டஸ், மாற்றத்துக்கு மூன்று கையெழுத்து, இன்னும் விரிவான பிளான். இவை எல்லாம் ஒருங்கிணைப்பு நோய்க்கான மருந்து. நிச்சயமின்மையில் கிடக்கும் டீமுக்கு இதைக் கொடுத்தால் தெரிந்துகொள்ளும் வேகம் குறையும். காலையில் தப்பென்று தெரிந்த டிசைனை மாற்ற அடுத்த வியாழக்கிழமை கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தப்பான டிசைனிலேயே பதினைந்து பேர் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. இடைமுகம் மாதிரி நிலையாக இருக்க வேண்டிய இடத்தில் "நாங்க அஜைல், ஆவணம் வேண்டாம்" என்று விட்டால், மார்ஸ் ஆர்பிட்டர் கதை நம் வீட்டிலேயே நடக்கும்.

இரண்டும் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ரிலீஸுக்கு 5 டீம்களின் வேலை சேர வேண்டும். ஒவ்வொரு டீமும் குறித்த தேதியில் முடிக்க 80 சதவீத வாய்ப்பு. மோசமில்லை, நல்ல டீம்கள்தான். ஒருவரையொருவர் பாதிக்காத தனித்தனி வேலைகள் என்றே வைத்துக்கொண்டால், ஐந்தும் அன்றைக்கு முடிந்திருக்க வாய்ப்பு 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: சுமார் 33 சதவீதம். அதாவது மூன்றில் இரண்டு தடவை ரிலீஸ் தள்ளிப்போகும். அப்படிப் போகும்போது "யாரால லேட்?" என்று கேட்டால் ஏதோ ஒரு டீமின் பெயர் வரத்தான் செய்யும். ஆனால் அந்த டீம் இல்லாவிட்டால் இன்னொன்று. தாமதம் டீமுக்குள் இல்லை, ஐந்தையும் ஒரே தேதியில் கட்டியதில் இருக்கிறது.

எஸ்டிமேட் என்பது வாக்குறுதி அல்ல

பேரி போம் 1981ல் வெளியிட்ட மென்பொருள் பொருளாதாரம் பற்றிய புத்தகத்தில் ஒரு படம் உண்டு. புராஜெக்ட்டின் ஆரம்பக் கட்டத்தில் போடும் எஸ்டிமேட், உண்மையில் ஆகப்போவதில் கால் பங்காகவும் இருக்கலாம், நாலு மடங்காகவும் இருக்கலாம். வேலை போகப் போக இந்த இடைவெளி குறுகும். பின்னாளில் ஸ்டீவ் மெக்கானல் இதை நிச்சயமின்மைக் கூம்பு என்ற பெயரில் பரப்பினார். போமின் எண்கள் அனுபவத்தில் வந்த கணிப்பு, எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மெக்கானல் வலியுறுத்தும் ஒரு விஷயம் முக்கியம். கூம்பு தானாகக் குறுகாது. நாள் போனால் மட்டும் போதாது, முடிவுகள் எடுக்கப்பட்டால்தான் குறுகும். ஆறு மாதம் கழித்தும் கிளையண்ட் எந்த நாட்டு வரி விதி வேண்டும் என்று சொல்லவில்லை என்றால், கூம்பு முதல் நாள் எவ்வளவு அகலமோ அவ்வளவே அகலம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? "தோராயமா சொல்லுங்க, யாரும் உங்களைப் பிடிக்க மாட்டாங்க" என்று கேட்கிறார்கள். சொன்ன எண் அன்று மாலையே ஒரு ஸ்லைடில் தேதியாக மாறுகிறது. அடுத்த வாரம் கிளையண்ட்டுக்குப் போகிறது. அகலமான கூம்பிலிருந்து ஒற்றைப் புள்ளியை எடுத்து, அதையே சத்தியம் ஆக்கிவிட்டோம். அதன் பிறகு அந்த எண்ணுக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தை டீமின் தூக்கத்தைக் கொண்டு நிரப்புகிறார்கள்.

எஸ்டிமேட் கேட்டால் எண்ணைத் தனியாகக் கொடுக்காமல் வீச்சாகக் கொடுங்கள்: "மூன்று முதல் எட்டு மாதம். இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அடுத்த மாதம் இதைக் குறுக்கித் தருகிறேன்." எதைத் தெரிந்துகொண்டால் குறுகும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் இதில் பயனுள்ள பகுதி.

எங்கே வெட்டுவது?

பெரிய வேலையைப் பல டீமுக்குப் பிரித்துத்தான் ஆக வேண்டும். எங்கே பிரிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஓஎஸ்/360ல் புரூக்ஸ் குழு எடுத்த வழி, எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்பது. புராஜெக்ட்டின் எல்லா ஆவணங்களும் அடங்கிய ஒரு பணிப்புத்தகம், ஒவ்வொரு நிரலாளரிடமும் ஒரு பிரதி. ஆறு மாதத்தில் அது ஐந்தடி தடிமனாகிவிட்டது. தினமும் வரும் திருத்தங்களே சராசரியாக 150 பக்கம். பழைய தாளை எடுத்துப் புதுத் தாளைச் செருகுவதே ஒரு வேலையாகி, கடைசியில் மைக்ரோஃபிஷுக்கு மாறினார்கள்.

டேவிட் பார்னஸ் 1972ல் இதற்கு நேர் எதிராகச் சொன்னார். எல்லாருக்கும் எல்லாம் தெரியக் கூடாது. வேலை நடக்கும் வரிசைப்படி நிரலைப் பிரிக்காதே, மாறக்கூடிய முடிவுகளைப் பட்டியல் போடு, ஒவ்வொரு மாட்யூலும் அப்படி ஒரு முடிவைத் தனக்குள் மறைத்துக்கொள்ளட்டும், வெளியே மாறாத இடைமுகம் மட்டும் தெரியட்டும் என்றார். புரூக்ஸ் தன் புத்தகத்தில் இதை ஏற்கவில்லை. ஆனால் இருபது வருஷம் கழித்து, 1995 பதிப்பில், பார்னஸ் சொன்னதுதான் சரி என்று வெளிப்படையாக எழுதினார். பெரிய மனுஷர்.

பார்னஸ் கட்டுரையை நிரல் எழுதும் உத்தியாகத்தான் கல்லூரியில் படித்தோம். ஆனால் மேலே பார்த்ததோடு சேர்த்துப் படித்தால் அது நிர்வாகக் கட்டுரையும்கூட. நிச்சயமில்லாத விஷயத்தை ஒரு சின்ன டீமுக்குள் அடைத்துவிட்டால், அது கேட்கும் பேச்சு அந்த ஐந்தாறு பேருக்குள்ளேயே முடிந்துவிடும். டீம்களுக்கு இடையே நிலையான விஷயம் மட்டும் ஓடும், அதற்கு ஆவணம் போதும். கச்சேரி மேடைக்குள், நெசவு மேடைகளுக்கு இடையே.

மெல்வின் கான்வே 1968ல் எழுதியதும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒரு அமைப்பு உருவாக்கும் டிசைன், அந்த அமைப்பின் பேச்சுத் தொடர்புகளின் நகலாகத்தான் இருக்கும் என்றார் அவர். அவர் சொல்லும் உதாரணம் வேடிக்கையானது. எட்டுப் பேரில் ஐந்து பேரைக் கோபால் கம்பைலருக்கும் மூன்று பேரை ஆல்கால் கம்பைலருக்கும் போட்டார்கள். கோபால் கம்பைலர் ஐந்து கட்டங்களாக ஓடியது, ஆல்கால் மூன்று கட்டங்களாக. டீமை எங்கே வெட்டினோமோ அங்கேதான் மென்பொருளும் வெட்டுப்படும். அதனால் ஆர்க்கிடெக்சர் படம் ஒருவர் வரைவது, டீம் பட்டியல் இன்னொருவர் போடுவது என்பது ஒரே முடிவை இரண்டு பேர் பேசாமல் எடுப்பதுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் காப்பீட்டு மென்பொருள் ஒன்றை அடுக்கு வாரியாகப் பிரித்திருந்தார்கள். திரை ஒரு டீம், சர்வீஸ் ஒரு டீம், டேட்டாபேஸ் ஒரு டீம், ரிப்போர்ட் ஒரு டீம், டெஸ்டிங் ஒரு டீம். படத்தில் அழகாக இருந்தது. ஆனால் அந்த புராஜெக்ட்டில் அடிக்கடி மாறியது பிரீமியம் கணக்கிடும் விதிகள். ஒரு விதி மாறினால் ஐந்து டீமையும் தொடும். ஒரு வரி மாற்றத்துக்கு ஐந்து டீம் லீடர்களின் காலண்டரைப் பொருத்த வேண்டும். பிறகு யாரோ துணிந்து பிரீமியத்துக்கு என்று ஒரே டீமை அமைத்தார்கள், அடுக்குக்கு ஒருவராக எடுத்து. விதிகள் மாறுவது நிற்கவில்லை. மீட்டிங் நின்றது.

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நடுவில்

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஓஎம்ஆரில் உட்கார்ந்து வேறு நாட்டு டீமோடு வேலை பார்ப்பவர்களாக இருப்பீர்கள். நமக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. கோடைக்காலத்தில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். காலை 11 மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால், அங்கே ராத்திரி ஒன்றரை. அவர் காலை ஒன்பதரைக்கு வந்து பதில் போடும்போது இங்கே இரவு 7 மணி. நீங்கள் அதைப் பார்ப்பது மறுநாள். பதிலில் இன்னொரு சந்தேகம் வந்தால் இன்னொரு நாள். நேரில் பத்து நிமிஷத்தில் முடியும் பேச்சு மூன்று நாள் ஆகிறது.

ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மோக்கஸ் இருவரும் 2003ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே இடத்தில் முடியும் வேலையோடு ஒப்பிட்டால் அதே மாதிரியான வேலை பல இடங்களுக்குப் பரவும்போது சுமார் இரண்டரை மடங்கு நாள் எடுக்கிறது என்று கண்டார்கள். தூரத்தைவிட, பரவிய வேலைக்கு அதிகப் பேர் தேவைப்படுவதே பெரிய காரணமாகத் தெரிந்தது. "ஆஃப்ஷோர் டீம் ஸ்லோ" என்று சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம். மெதுவாக இருப்பது ஆள் இல்லை, இரண்டு கண்டங்களுக்கு நடுவில் வெட்டப்பட்ட வேலை. நிச்சயமில்லாத வேலையை முழுசாக ஒரு பக்கத்துக்குக் கொடுத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் அந்தப் பக்கத்துக்கே கொடுத்தால் இந்த இழுபறி வெகுவாகக் குறையும். வேலையை மட்டும் அனுப்பி அதிகாரத்தை அங்கேயே வைத்துக்கொள்வதுதான் நாம் அதிகம் பார்ப்பது.

அடுத்த பிளானிங்கில் கேட்க வேண்டியவை

நான் இப்போது ஒவ்வொரு வேலையையும் எடுத்துக்கொள்ளும்போது கேட்டுப் பார்க்கும் கேள்விகள் நான்கு.

ஒன்று, இதில் நமக்குத் தெரியாதது என்ன? பெயர் சொல்லி எழுதுங்கள். "ரிஸ்க்" என்று பொதுவாக எழுதினால் யாரும் அதைத் தீர்க்க மாட்டார்கள்.

இரண்டு, அந்தத் தெரியாத விஷயம் எத்தனை டீமைத் தொடுகிறது? ஒன்றுக்கு மேல் என்றால் வெட்டிய இடம் தப்பு. தேதி போடும் முன் வெட்டை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

மூன்று, டீம்களுக்கு நடுவில் போவது என்ன? எந்த அளவு, எந்த வடிவம், காலியாக வந்தால் என்ன அர்த்தம்? இதை எழுதி, இரு பக்கமும் சேர்ந்து முதல் மாதத்திலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள்.

நான்கு, தளர்வு எங்கே வைத்திருக்கிறோம்? கால்பிரெய்த் சொல்லும் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். நிச்சயமின்மையைச் சமாளிக்கத் தளர்வு வைப்பது ஒரு வழி, பேச்சைக் கூட்டுவது இன்னொரு வழி, வேலையைத் தன்னிறைவாகப் பிரிப்பது மற்றொன்று. எதையுமே தேர்ந்தெடுக்காவிட்டால் தளர்வு தானாக வந்துவிடும், தாமதம் என்ற பெயரில். பிளானில் பஃபர் வைத்தால் சோம்பேறித்தனம் என்று வெட்டிவிடும் மேனேஜருக்குக் கடைசியில் கிடைப்பதும் அதே பஃபர்தான். சனிக்கிழமையாகக் கிடைக்கிறது, அவ்வளவே.

இந்த நான்கும் தாமதத்தை ஒழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்றைக் கட்டும்போது தெரியாதது கொஞ்சம் இருந்தே தீரும். ஆனால் அடுத்த தடவை புராஜெக்ட் தள்ளிப்போய் "யாரால லேட்?" என்று யாராவது கேட்டால், அந்த அறையில் இருப்பவர்களில் ஒருவராவது "இது பொருந்தாமல் போனதால் லேட்டா, தெரியாமல் போனதால் லேட்டா?" என்று திருப்பிக் கேட்கலாம். பதில் வந்த பிறகு ஆள் போடுவதா, மீட்டிங்கைக் கூட்டுவதா, வெட்டை மாற்றுவதா என்று முடிவு செய்யலாம். அதற்கு முன் யாரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்ல வேண்டாம்.